கல்லின் உறுதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் பெயரை அறியாத மாணவர் தமிழ்நாட்டில் இரார். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், அவ்வூர்ச் சபையார் தம் ஆட்சிமுறையைக் கல்லில் வெட்டுவித்தனர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தல், குடவோலை வழியாக வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தல், 35 வயது நிரம்பி 70 வயதுக்கு உட்பட்டவரே அவற்றில் இடம்பெறுதல், முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரை விலக்கி வைத்தல் முதலிய விதிகளை அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் இன்றும் காணலாம்.

அந்நாளில் சபையார் குடத்தில் இட்ட ஓலைகளுள் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. குடத்துள் இட்ட ஓலைகள் மறைந்தன; ஓலை இடும் முறையைச் சொன்ன கல் நிற்கின்றது. 1,100 ஆண்டுகளின் வெயிலும் மழையும் அவ்வெழுத்துகளை அழித்துவிடவில்லை. அக்கல்லுக்கு இத்தகைய உறுதி எங்கிருந்து வந்தது? ‘கல் என்றாலே உறுதியானதுதானே’ என்று சிலர் விடை கூறக்கூடும். அவ்விடை சரியன்று என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஞ்சிபுரத்திற்குச் சென்றால் போதும்.

அங்கே கயிலாசநாதர் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில் அது. அதன் அடித்தளம் கருங்கல்; அதற்கு மேலுள்ள சுவர்களும் சிற்பங்களும் மணற்கல். மணற்கல் மெல்லியது, சிற்பியின் உளிக்கு எளிதில் இணங்கும். ஆதலின் அக்கோயிலில் சிங்கங்களும் தெய்வ வடிவங்களும் மிக நுண்ணியனவாக அமைந்தன. ஆயினும் காலம் செல்லச் செல்ல அம்மணற்கல் பொடிந்து உதிரலாயிற்று. முகங்கள் தேய்ந்தன, விரல்கள் மறைந்தன, சிதைந்த இடங்களைப் பிற்காலத்தார் சுதை பூசி மூடினர். அடித்தளத்துக் கருங்கல்லோ அவ்வாறு சிதையவில்லை. ஒரே கோயில், ஒரே வயது, ஒரே வெயில், ஒரே மழை. எனினும் கல்லுக்குக் கல் வேறுபாடு உண்டாயிற்று. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கல்லின் பிறப்பு

மணற்கல் பிறந்த முறை வேறு; கருங்கல் பிறந்த முறை வேறு. ஆறும் கடலும் கொணர்ந்து சேர்த்த மணல், படிவு படிவாகத் தங்கி, இடையிடையே ஊறிய சுண்ணம், களிமண் போன்ற பொருள்களால் ஒட்டப்பெற்று இறுகியதே மணற்கல். அதில் ஒவ்வொரு மணலும் தனித்தனியே உருண்டு வந்தது. உருண்ட மணிகள் ஒன்றையொன்று சிற்சில இடங்களிலேயே தொடுகின்றன. எஞ்சிய இடத்தைப் பசைப்பொருள் நிரப்புகின்றது. பசை வலிவுடையதாயின் கல்லும் வலிவுடையது. பசை கரைந்தால் மணி உதிர்கின்றது.

தீப்பாறையின் வரலாறு இதனின் மாறுபட்டது. பூமியின் உள்ளே உருகிய நிலையில் இருக்கும் பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிரும்பொழுது அதிலுள்ள கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகங்களாகின்றன. முதலில் தோன்றும் படிகங்கள் தடையின்றித் தம் வடிவத்தில் வளர்கின்றன. பின்னர்த் தோன்றுவன எஞ்சிய இடுக்குகளில் நுழைந்து, வளைந்து, நெளிந்து வளர்கின்றன. இறுதியில் இடைவெளி என்பதே ஏறத்தாழ இல்லாமற் போகின்றது. ஒரு கையின் விரல்கள் மற்றொரு கையின் விரல்களுக்கிடையே கோத்துக்கொள்வதுபோலப் படிகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இங்கே பசை இல்லை, பிடிப்பே உண்டு. கனிம மணிகளின் அளவு, வடிவம், அவை ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கல்லின் மணியமைப்பு என்பர். கல்லின் உறுதி பெரிதும் இம்மணியமைப்பைச் சார்ந்தது.

நம் ஊர்க் கருங்கல்

புதிதாக உடைத்த கருங்கல் துண்டு ஒன்றைக் கையிலெடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், அது ஒரே பொருளால் ஆனதன்று என்பது புலனாகும். கண்ணாடித் துண்டுபோல் மினுங்குவது குவார்ட்ஸ். வெண்மையாகவோ, சாம்பல் நிறமாகவோ, இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகங்களுடன் பளபளப்பது பெல்ஸ்பார். ஏடு ஏடாகப் பிரிவது மைக்கா. சிற்றூர்ச் சிறுவர் இதனைக் காக்காப்பொன் என்பர். கறுத்துக் கனத்திருப்பவை பைராக்சீன் முதலியன.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் குன்றுகள் பலவற்றில் காணப்படும் கல் சார்னோக்கைட் எனப்படும். நீலம் கலந்த கருமையும், எண்ணெய் தடவினாற்போன்ற பளபளப்பும் உடையது அது. இப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரத்தின் தொடக்க வரலாற்றோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லொன்று கொண்டு செல்லப்பட்டது. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு 1893-ஆம் ஆண்டில் அக்கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லை ஒத்ததெனக் கண்டு, சார்னாக்கின் பெயரையே அதற்கு இட்டார். ஹாலண்டு இதனைத் தீப்பாறை என்றே கருதினார். பிற்கால ஆராய்ச்சியாளரோ, இவ்வகைப் பாறைகளுட் பல தீப்பாறையாகத் தோன்றியபின் பூமியின் பேராழத்தில் கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு மீண்டும் படிகமானவை என விளக்கினர். இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பேராழத்தில் மிகுந்த அழுத்தத்தின்கீழ் மணிகள் நெருங்கிக் கோத்துக்கொண்டமையால் இக்கல் மிகுந்த உறுதி பெற்றது.

மணியின் அளவும் வலிமையும்

கனிமங்கள் ஒன்றாகவே இருப்பினும், மணிகள் பெரியனவாயின் கல்லின் வலிமை பொதுவாகக் குறையும், சிறியனவாயின் கூடும். பாறைக் குழம்பு ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்தால் படிகங்கள் பெரியனவாக வளரும். விரைவாகக் குளிர்ந்தால் அவை கடுகினும் சிறியனவாக நின்றுவிடும்.

சிறிய மணிகள் ஏன் வலிமை தருகின்றன? கல் உடைவது எப்பொழுதும் ஒரு வெடிப்பிலிருந்தே தொடங்குகின்றது. நம் கண்ணுக்குத் தோன்றாத நுண்ணிய வெடிப்புகள் எல்லாக் கற்களிலும் உண்டு. அவை மணிகளின் எல்லைகளிலும், பெல்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்கள் இயல்பாகப் பிளவுபடும் தளங்களிலும் அமைந்துள்ளன. மணி பெரியதாயின் அவ்வெடிப்பும் நீண்டது. மணி சிறியதாயின் வெடிப்பும் குறுகியது. பொருள்களில் இயல்பாகவே அமைந்த சிறு வெடிப்புகளே அவற்றின் வலிமையைக் குறைக்கின்றன என்பதையும், வெடிப்பு நீளுந்தோறும் உடைக்கத் தேவையான விசை குறைகின்றது என்பதையும் கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர் கண்ணாடியைக் கொண்டு ஆராய்ந்து 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கிழிந்த துணியை மேலும் கிழிப்பது எளிதன்றோ! கிழிசல் நீளமாயின் இன்னும் எளிது. கல்லின் நிலையும் அதுவே.

மணியின் வடிவமும் கருதத்தக்கது. தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் பழைய பாறைகளின் பிளவுகளுக்குள் சுவர்போல் எழுந்து நிற்கும் டாலரைட் என்னும் கருநிறத் தீப்பாறை உண்டு. அதில் மெல்லிய குச்சிகளைப் போன்ற பெல்ஸ்பார் படிகங்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றின் இடைவெளிகளைப் பைராக்சீன் நிரப்பி இறுக்குகின்றது. முடைந்த ஓலைப்பாயைக் கிழிப்பது அரிதாதல்போல இத்தகைய கல்லைப் பிளப்பதும் அரிது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் இது தாங்க வல்லது. சாதாரண நல்ல கருங்கல் 1,000 முதல் 2,500 கிலோகிராம் வரை தாங்கும். மணற்கற்களுட் பல இதிற் பாதியையும் தாங்கமாட்டா.

ஆயினும் மணி சிறுத்திருப்பது மட்டும் போதாது. எரிமலைக் குழம்பு மிக விரைவாகக் குளிரும்போது அதிலிருந்த ஆவி வெளியேற வழியின்றிக் குமிழிகளாகத் தங்கிவிடுவதுண்டு. அத்தகைய கல்லின் மணி எத்துணைச் சிறியதாயினும், துளை மிகுந்தமையால் வலிமை குன்றும். மைக்கா ஏடுகள் ஒரே திசையில் வரிசையாகப் படிந்த கல், அவ்வரிசையின் வழியே எளிதில் பிளந்துவிடும். எனவே சிறு மணி, நெருங்கிய பிடிப்பு, துளையின்மை, ஒரே திசையில் சாயாமை ஆகிய இவை யாவும் சேர்ந்ததே சிறந்த கட்டடக்கல்.

எழுத்து வெட்டுவதற்கும் இவ்விலக்கணமே பொருந்தும். புளியங்கொட்டை அளவு படிகங்கள் நிறைந்த கல்லில் ஒரு சிறிய எழுத்தை வெட்ட முயன்றால், உளி பட்ட இடத்தில் படிகம் முழுதும் பெயர்ந்து போகும். எழுத்தின் வளைவு சிதையும். மணிகள் எழுத்தின் கோட்டினும் சிறியனவாயிருந்தால்தான் கோடு நேரே செல்லும். வெட்டிய விளிம்பும் உதிராமல் நிற்கும்.

தாங்கலும் வளைதலும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். கி.பி. 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அவ்விமானத்தின் உயரத்திற்கு ஒரு கருங்கல் தூணை நிறுத்தினால், அதன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டரின்மேல் விழும் எடை எவ்வளவு? கருங்கல் நீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு கனமுள்ளது. கணக்கிட்டால் சுமார் 18 கிலோகிராமே வருகின்றது. 1,000 கிலோகிராம் தாங்கும் கல்லுக்கு இஃது ஒரு சுமையன்று.

அவ்வாறாயின் கல்லின் வலிமையைப்பற்றி நாம் ஏன் இத்துணைக் கவலைகொள்ள வேண்டும்? கல் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதிலோ மிக எளியது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். அமுக்கும்போது மணிகள் மேலும் நெருங்குகின்றன, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. இழுக்கும்போதோ வெடிப்புகள் வாய் திறக்கின்றன. இரு தூண்களின்மேல் கிடத்திய உத்தரம் சுமையால் சிறிது வளையும்பொழுது அதன் மேற்பகுதி அமுங்குகின்றது, அடிப்பகுதி இழுபடுகின்றது. அடிப்பகுதியில் ஒரு பெரிய மணியோ, ஒரு மைக்கா வரிசையோ, ஒரு பழைய வெடிப்போ இருப்பின் உத்தரம் அங்கேதான் முறியும். நம் முன்னோர் மண்டபங்களில் தூண்களை நெருக்கமாக நட்டதற்கும், தூணின் தலையில் போதிகை வைத்து உத்தரத்தின் இடைவெளியைக் குறைத்ததற்கும் காரணம் இதுவே.

கல்லின் இக்குறையையே கல்லுடைப்போர் தமக்குத் துணையாகக் கொண்டனர். பாறையின்மேல் ஒரே வரிசையில் சிறு குழிகளை வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் பாறை அவ்வரிசையில் நேராகப் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அத்தகைய குழி வரிசைகளை இன்றும் காணலாம். பெரிய சம்மட்டியால் உடைக்க இயலாத பாறையைச் சிறிய ஆப்புகள் பிளப்பதன் மறைபொருள், அவை பாறையை அமுக்காமல் இழுத்துப் பிரிப்பதே.

கல்லை அறியும் வழிகள்

எத்துணை உறுதியான கல்லும் என்றும் மாறாதிருப்பதன்று. பகல் வெயிலில் கல் விரிகின்றது. இரவிலும் மழையிலும் சுருங்குகின்றது. வெவ்வேறு கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் மணிகளின் எல்லைகள் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. அவ்வழியே நீர் புகுகின்றது. நீரும் காற்றும் சேர்ந்து பெல்ஸ்பாரை மெல்ல மெல்ல வெண்ணிறக் களிமண்ணாக்குகின்றன. கடற்கரையிலோ உப்பு நீர் நுழைந்து உலரும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து மணிகளை நெம்புகின்றன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மங்கியதற்கு இவ்வுப்புக்காற்றே பெருங்காரணம்.

ஆதலின் கல்லைத் தேர்ந்தெடுக்குமுன் அதனைச் சோதித்தறிதல் வேண்டும். பொறியியற் கூடங்களில் கல்லைச் சதுரக் கட்டியாக அறுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பர். இயந்திரம் இல்லாதவிடத்தும் எளிய சோதனைகள் உண்டு. முதலாவது கண். புதிதாக உடைத்த முகத்தில் பெல்ஸ்பார் பளபளப்பாக இருந்தால் கல் நல்லது. சுண்ணாம்புபோல் மங்கியிருந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. இரண்டாவது நீர். உலர்ந்த கல்லொன்றை நிறுத்து, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 1 கிலோகிராம் எடையுள்ள நல்ல கருங்கல் 5 கிராம்கூடக் கூடாது. மிகுதியாகக் கூடினால் உள்ளே வெடிப்புகளும் துளைகளும் உண்டென்று அறிக.

மூன்றாவது செவி. நம் சிற்பிகள் கல்லைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு வகைப்படுத்தினர். மணியோசை எழுப்புவதை ஆண்கல் என்றும், தாளத்தின் ஓசை எழுப்புவதைப் பெண்கல் என்றும் பெயரிட்டு, ஓசையின்றி மந்தமாய் ஒலிப்பதைச் சிலைக்கு ஆகாதென விலக்கினர். இதில் அறிவியல் உண்மை உண்டு. மணிகள் நெருங்கிக் கோத்த கல்லில் ஒலியலை தடையின்றி விரைந்து செல்லும். வெடிப்புகள் நிறைந்த கல்லிலோ அவ்வலை சிதறி அடங்கிவிடும். இக்காலப் பொறியாளர் மீயொலியைக் கல்லினூடே செலுத்தி அதன் வேகத்தை அளப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஒவ்வொரு பணிக்கும் ஏற்ற மணியமைப்பு ஒன்றுண்டு. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வழவழப்பான கல் உதவாது. கடினமான குவார்ட்ஸும், அதனினும் சிறிது மென்மையான பெல்ஸ்பாரும் கலந்த கல்லே ஏற்றது. மென்மையானது முன்னர்த் தேய, கடினமானது சற்று எடுப்பாக நிற்கும். அந்தச் சொரசொரப்பே பொருளை அரைக்கின்றது. அதுவும் தேய்ந்தபின் அம்மி கொத்துவோர் உளியால் கொத்தி அதனைப் புதுப்பிப்பர்.

கல்லும் நாமும்

இன்று உத்திரமேரூர், வாலாஜாபாத் பகுதிகளின் குன்றுகள் கற்சுரங்கங்களில் வெடிவைத்து உடைக்கப்பட்டு, ஆலைகளில் ஜல்லியாக்கப்பட்டு, வீடுகளுக்கும் சாலைகளுக்கும் செல்கின்றன. வெடி கல்லை விரைவில் உடைக்கும். ஆனால் எஞ்சிய பாறையினுள்ளும் எண்ணற்ற நுண்வெடிப்புகளைத் தோற்றுவிக்கும். எனவே தூணாகவும் பலகையாகவும் பயன்பட வேண்டிய கல்லை வைரம் பதித்த கம்பியறுவையால் அறுத்தெடுக்கின்றனர்.

கல்லுக்கு வலிமை தரும் குவார்ட்ஸ், பொடியானபின் மனிதருக்குப் பகையாகின்றது. கண்ணுக்குத் தெரியாத அத்தூளை நெடுநாள் சுவாசிப்போரின் நுரையீரல் தழும்பேறி, சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகின்றது. அதனை முற்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை; வராமல் தடுத்தலே வழி. கல் உடைக்குமிடத்தில் நீர் தெளித்தலும், தூசியை உறிஞ்சும் கருவி அமைத்தலும், தக்க முகமூடி அணிதலும் இன்றியமையாதன. கல்லின் உறுதியைப் போற்றும் நாம், அதனை வெட்டித் தருவோரின் உயிரை அதனினும் மேலாகப் போற்றுதல் வேண்டும்.

250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான குன்று ஒருமுறை கரைந்தால் மீண்டும் வளராது. ஆதலின் நல்ல கல்லை நிரப்பு மண்ணாக வீணாக்குவதும், தளர்ந்த கல்லை உத்தரத்தில் வைப்பதும் ஒருங்கே தவறாகும். எந்தக் கல் எதற்கு ஏற்றது என்றறிந்து பயன்படுத்துவதே சிக்கனம். அதுவே பாதுகாப்பும் ஆகும்.

கருங்கல்லில் உள்ள கனிமங்கள் ஒரே தன்மையன அல்ல. ஒன்று கடினம்; ஒன்று மென்மை; ஒன்று வெளுப்பு; ஒன்று கறுப்பு. தனித்தனியே எடுத்தால் அவற்றுள் பலவற்றை ஒரு சிறு சுத்தியால் பொடியாக்கிவிடலாம். இடைவெளியின்றி ஒன்றையொன்று பற்றி நிற்பதனாலேயே அவை உத்தரமாகவும் தூணாகவும் உயர்கின்றன. பல குடும்புகளிலிருந்து வந்தோர் கூடி ஊரை ஆண்ட முறையை உத்திரமேரூர்ச் சபையார் அத்தகைய கல்லிலேயே எழுதி வைத்தனர். அவ்வெழுத்துகளைக் காணச் செல்லும் மாணவர், எழுத்தைப் படித்தபின் அதனைத் தாங்கி நிற்கும் கல்லையும் சிறிது நேரம் உற்று நோக்குவாராக.